குருசுக்குப்பத்துச் சுறாப் பற்கள்

காலை 5.40க்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். புதுச்சேரிக்கு இருநூறு கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் 220 ரூபாய். பையில் ஒரு லென்ஸ், பழைய டூத் பிரஷ், கல்லூரி முத்திரை போட்ட கடிதத்தாள் நான்கு. இருபத்தெட்டு வருடமாக விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறேன். பல்லைக் காட்டினால் சுறாவுக்கு ஜாதகமே கணித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிற ஆள் நான். அந்தப் பீற்றலில் விளைந்ததுதான் இந்தப் பயணம்.

ஜனவரியில் சுற்றிப் பார்க்கப் போனபோது, நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் மீனவர் குடியிருப்பான குருசுக்குப்பத்தில் கரையோரமாக நடந்தேன். கருங்கல் கொட்டியிருந்த இடத்தருகே கரேலென்று ஒரு பல் கிடந்தது. பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த ஆரோக்கியமேரி, "இது மாதிரி நெறைய கெடக்கு டீச்சர்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆறு கோடி வருடத்துக்கும் முந்தைய சுறாவின் பல் என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். "இனிமே இந்த இடத்தை யாரும் விடமாட்டாங்க மேரி, அரசாங்கமே காப்பாத்தும்" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

மேரியின் வீடு கடலை ஒட்டிய முதல் வரிசையில் இருக்கிறது. மழைக்காலம் தோறும் கடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருகிறது. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் அவளுக்கு ஒரு வீடு ஒதுக்கியிருந்தார்கள். என் பேச்சை நம்பி, வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டாள். கரையைக் காப்பாற்றச் சொல்லி மனுவும் போட்டிருக்கிறாள். அதோடு இணைக்க, பல்லைப் பற்றி ஒரு சான்று வேண்டுமாம். அதை எழுதித் தரத்தான் போகிறேன்.

11.15க்குப் புதுச்சேரி. ஆட்டோ 150 ரூபாய்.

"பீச் பாக்கணும்னா முன்னாடியே எறங்கிக்கங்கம்மா. அங்க வெறும் கல்லுதான் கெடக்கு" என்றார் ஓட்டுநர்.

"சுறாப் பல் பாக்கப் போறேங்க."

"அதுக்கா இம்மாந்தூரம்? மீன் மார்க்கெட்டுக்குப் போனா சும்மாவே குடுப்பாங்களே!"

பகல் 12 மணி. மேரி வீட்டின் பின்சுவர் இல்லை. ஜனவரியில் இருந்தது. அந்த இடத்தில் தார்ப்பாய் கட்டியிருந்தாள். அடுப்பில் சுறாப் புட்டு கிளறியபடியே, "வாங்க டீச்சர், தெருவே ஒங்களப் பத்தித்தான் பேசுது" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்த பற்களைச் செய்தித்தாளில் கொட்டினாள். நாற்பத்தொன்று. அன்றைக்கு அறுத்த சுறாவின் பல் ஒன்றையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். அது வெள்ளை, இலேசானது. இவை கறுப்பு, கல்லின் கனம். முன்பல்லில் தட்டினால் 'டிங்' என்று கேட்கிறது. நடுவே நீண்ட கூர், இருபக்கமும் அரிசி நுனி போல் இரண்டு குட்டிக் கூர்கள். சந்தேகமே இல்லை, அத்தனையும் புதைபடிவம்.

பிறகு பிரஷை எடுத்தேன். வேர் இடுக்குகளில் மஞ்சள் களிமண் இறுகியிருந்தது. கரையில் கிடப்பதோ பொடிமணல். பிரஷைக் கீழே வைத்தேன்.

"மேரி, இந்த மஞ்ச மண்ணு இங்க எங்க இருக்கு?"

"அதோ, கல்லுக்குப் பின்னால. ஐப்பசி மழையில பெரிய பள்ளம் வுழுந்துச்சுல்ல? தெருவுல வரி போட்டு வானூர் பக்கத்துலேர்ந்து நாலு லாரி மண்ணு எறக்கினோம். பாதிய அலை இழுத்துக்கினு போயிடுச்சு."

வானூர் அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், உள்நாட்டில். ஒரு காலத்தில் அங்கே கடல் இருந்தது. லாரியில் வந்த அந்த மண்ணை அலை கரைத்துவிட்டது, அதிலிருந்த பல்லை மட்டும் இந்தக் கரையில் விட்டுவைத்தது. எந்த மண்ணிலிருந்து வந்தது என்பதுதான் முதல் கேள்வி என்று முதலாண்டுப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறவள், அன்றைக்கு அதை மறந்தேன்.

"இதை ஏம்மா அப்பவே சொல்லல?"

"நீங்க கேக்கலியே டீச்சர். மண்ணுன்னா மண்ணுதானேன்னு இருந்துட்டோம்."

விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டி நின்றது. புட்டு அடிப்பிடிக்கும் வாடை வந்தது.

"பல்லு நெசம்தானே?"

"நெசம்தான்."

"இங்கதானே கெடந்துச்சு? அத மட்டும் எழுதுங்க. பொய் இல்லியே."

கடிதத்தாளை எடுத்தேன். 'குருசுக்குப்பம் கரையில்' என்று எழுதியும்விட்டேன். அந்தக் களிமண்ணைத் தெரிந்தவர் ஒரே ஒருவர் பார்த்தால் போதும், நாலு லாரி மண்ணும் வெளியே வரும். அப்புறம் தெருக்காரர்கள் எதைச் சொன்னாலும் எடுபடாது. மேரியே பல்லைக் கொண்டுவந்து போட்டாள் என்பார்கள். தாளைக் கிழித்தேன்.

மணி 2.20. எனக்காகச் சூடாக்கிப் புட்டு வைத்தாள். எப்படி மறுப்பது? விழுங்கினேன். வீடு ஒதுக்கிய அலுவலகத்துக்கு அவள் போன் செய்து, எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெறலாமா என்று கேட்டாள். இரண்டு நிமிடம் "சரிங்க, சரிங்க" என்றாள். போன மாதமே அந்த வீட்டுக்கு வேறொரு குடும்பம் வந்துவிட்டதாம்.

என் தலைக்கு எட்டிய யோசனையெல்லாம் சொன்னேன். இன்னொரு மனு போடலாம், நானே கூட வருகிறேன், திருச்சியில் யாரையாவது பார்க்கிறேன் என்றேன். எனக்கே வெறும் பேச்சாகப் பட்டது. தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் அலை கல்லில் மோதும் ஒவ்வொரு தடவையும் தரை அதிர்ந்தது. திருச்சியில் என் வீடு பாறைமேல் நிற்கிறது. கீழே என்ன இருக்கிறதென்று ஒருநாளும் நினைத்ததில்லை.

நாலரைக்குக் கிளம்பினேன். மேரி தெருமுனை வரை வந்தாள். ஆட்டோ நிறுத்தித் தந்தாள். கோபமே இல்லாமல், மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள்:

"ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. அன்னிக்கு நீங்க இந்தப் பக்கம் வராமயே இருந்திருக்கலாம் டீச்சர்."

"ஆமாம் மேரி" என்றேன்.