பூட்டாத சர்வர்

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்கு நடை பழக்கியதும் அவள்தான். வெளிநாட்டில் இருக்கும் அக்கா பார்க்கட்டும் என்று அதையெல்லாம் வீடியோ எடுத்து, டி.வி.க்குக் கீழே இருந்த சர்வரில் போட்டுவைப்பாள். சினிமா, பாட்டு, குடும்பப் படங்கள் எல்லாம் அந்தச் சின்னப் பெட்டியில்தான். வெளியிலிருந்து பார்க்க வழி செய்து தந்தவன் தம்பி. பத்திரமாக இருக்கிறது, தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். நம்பினாள்.

ஒருநாள் கிளினிக்கில், முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்டவர் சைக்கிள் மிதித்தபடியே போனில் படம் தேடிக்கொண்டிருந்தார். சைக்கிளைக் கொஞ்சம் இறுக்கிவிடக் குனிந்தவள் கண்ணில் திரை பட்டது. சண்டைப் படங்களுக்கு நடுவே அவள் போட்டுவைத்திருந்த ‘அப்பா நடை’ ஃபோல்டர். அதன் முகப்புப் படத்தில் நனைந்த கால்சட்டையோடு அப்பா தரையில் கிடந்தார்.

எங்கே கிடைத்தது என்று கேட்டாள். யாரோ நண்பர் அனுப்பிய இணைப்பாம், பாஸ்வேர்டுகூடக் கேட்காதாம்.

“இந்தப் பெரியவர் விழுறதெல்லாம்கூட இருக்குங்க” என்றார் அவர், மிதிப்பதை நிறுத்தாமலே.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சர்வரின் வயரைப் பிடுங்கினாள். படம் பார்த்துக்கொண்டிருந்த தம்பி திடுக்கிட்டுத் திரும்பினான்.

கேட்டால், பாஸ்வேர்டு போடச் சலித்துக்கொண்ட நண்பர்களுக்காக அதை எடுத்துவிட்டானாம். ரௌட்டரிலும் வழியைத் திறந்துவிட்டிருந்தான். முகவரி கை மாறிக் கை மாறி ஊரெல்லாம் போயிருந்தது.

“படம் பாக்கத்தானேக்கா குடுத்தேன். அந்த ஃபோல்டர யாரு பாக்கப்போறா?”

“என் பேஷண்ட் பாக்குறாருடா.”

அன்று மாலைக்குள் அவளே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினாள். ரௌட்டரில் திறந்திருந்த வழியை மூடினாள். நீளமான பாஸ்வேர்டு வைத்தாள். வி.பி.என். போட்டாள், இனி அவள் அனுமதித்த போனிலிருந்து மட்டும்தான் வெளியிலிருந்து உள்ளே வர முடியும். தன் போனையும் அக்காவின் போனையும் சேர்த்தாள். தம்பி தன் போனை நீட்டினான். அவள் அதைத் தொடவேயில்லை.

அப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றார். குழறினாலும் வார்த்தை தெளிவாகவே விழுந்தது.

“அவன் தொறந்து விட்டான், சரி. நான் விழுந்தத உள்ள கொண்டுபோய் வச்சது யாரு? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

அவள் வீடியோக்களை டி.வி.யில் போட்டு, ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, எது வேண்டாமோ சொல்லச் சொன்னாள். விழுந்தது, அழுதது எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். ஜன்னல்வரை தானாக நடந்துபோன ஒன்றை மட்டும், பெரிய மகள் பார்க்கட்டும் என்று விட்டுவைத்தார்.

அதற்குள் யார் யார் இறக்கி வைத்துக்கொண்டார்களோ, தெரியவில்லை. நண்பர்கள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டுக் கேட்டு, இருந்தால் அழிக்கச் சொல்லும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறாள். அவன் கேட்டு முடிக்கும்வரை அவனோடு அவளுக்குப் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பா அவர்கள் இருவரோடும் பேசுவதில்லை.