ஒருவரும் சாகாத போர்க்கதை

1. போஸ்டர்

கோவில்பட்டியில் ஒரு லேபிள் பிரஸ்ஸில் ப்ரூஃப் பார்த்தவன் நான். தீப்பெட்டி லேபிள்தான் எங்களுக்குச் சோறு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் குச்சி காயாது. தீப்பெட்டி ஆபீஸ்களில் வேலை படுத்துவிடும். எங்களுக்கும் லேபிள் ஆர்டர் வராது. மெஷின் சும்மா நின்றால் எங்கள் முதலாளி அண்ணாச்சிக்குப் பொறுக்காது. ஆகவே மழைக்காலத்துக்கென்றே பாக்கெட் நாவல் போடுவார். எழுதுகிறவன் நான். பேய், கொலை, காதல், எது கேட்டாலும் கிடைக்கும். பிரஸ்ஸில் எல்லோரும் என்னை ‘ரைட்டர்’ என்பார்கள். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி.

லேபிள், நாவல் தவிர கண்ணீர் அஞ்சலி போஸ்டரும் அடிப்போம். அதில் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருக்கிறவர் பெயரை மாதிரிக்குக்கூட அந்தப் போஸ்டரில் போட மாட்டோம். டிசைன் காட்ட வேண்டியிருந்தால் பெயர் இடத்தை வெள்ளையாக விட்டுத்தான் காட்டுவோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவதே இதுதான்.

அந்த வருஷம் ஆடி மாதம், அந்த வெள்ளை இடத்தில் அண்ணாச்சி மகன் குமாரின் பெயரைப் போட்டோம். இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தவன். விளாத்திகுளம் ரோட்டில் பைக்கில் போனவன் மேல் லாரி மோதிவிட்டது. ‘தோற்றம்’, ‘மறைவு’ இரண்டையும் ப்ரூஃப் பார்த்தது நான்தான். என் வேலையில் அதைவிடக் கொடுமையான ப்ரூஃப் இல்லை.

2. நின்றுபோன ஆட்டம்

மழை வந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். எழுத்துக் கோக்கிற டிடிபி அறையில் குமாரின் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒரு விளையாட்டு, ‘பாஸ்’ போட்டு பாதியில் நின்றுகொண்டிருந்தது. வேறொரு கிரகத்தில் குடியேறி, தண்ணீர் எடுத்து, கனிமம் தோண்டி, கோட்டை கட்டி, எதிரியோடு சண்டை போடுகிற ஸ்ட்ராடஜி கேம். குமார் கடைசியாக சேவ் பண்ணிய இடம் அது.

“கணேசா, இந்த வருசம் இதைக் கதையா எழுது” என்றார்.

“அண்ணாச்சி, எனக்கு இது ஒரு எழவும் தெரியாதே” என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த வார்த்தையை அவர் முன்னால் சொல்லக் கூடாது என்று விழுங்கிவிட்டு, “படிச்சிக்கிடுதேன்” என்றேன்.

வேறொரு கம்ப்யூட்டரில் அதே சிடியைப் போட்டு ஒரு வாரம் விளையாடினேன். கதை எழுத வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விளையாட்டை அப்படியே எழுதினால் அது ஸ்டாக் ரிஜிஸ்டர் மாதிரி ஆகிவிடும். இவ்வளவு இரும்பு தோண்டினார்கள், இவ்வளவு டாங்கி செய்தார்கள், சுவர் எழுப்பினார்கள். என் முதல் அத்தியாயம் அப்படித்தான் இருந்தது. படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது.

மறுபடி குமாரின் ஆட்டத்தைப் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு ஆள் மேலும் மவுஸை வைத்தால் பெயர் தெரியும். அந்த விளையாட்டில் பெயரை மாற்றலாம். குமார் மாற்றியிருந்தான். தண்ணீர் சுமக்கிறவன் குருசாமி. அவர் தாள் வெட்டுகிற எங்கள் கட்டிங் மாஸ்டர். டாங்கி ஓட்டுகிறவன் சங்கையா. எங்கள் மெஷின்மேன். பைண்டிங் பகுதி மாரியம்மாள் அந்தக் கோட்டை ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். நானும் இருந்தேன், காவல் கோபுரத்தில். வேலை வெட்டி இல்லாமல் சும்மா நிற்கிற உத்தியோகம். பய சரியாகத்தான் கணித்திருக்கிறான்.

கதைக்கு உயிர் வந்துவிட்டது. ஆனால் சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

3. இவன் சாகக் கூடாது

போர்க்கதை என்றால் ஆள் சாக வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தில் சங்கையாவின் டாங்கியை எதிரி கொளுத்துவதாக எழுதிக் கொடுத்தேன். அண்ணாச்சி சிவப்பு மையால் அடித்து, ‘இவன் சாகக் கூடாது’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். மாரியம்மாளைக் காயப்படுத்தினேன். அதையும் அடித்தார். பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டேன்.

“எம்புள்ள வச்ச பேரு. நீ யாரு மாத்த?”

பெயர்களை அப்படியே விட்டுவிட்டேன். எதிரிகள் குண்டு போட்டுக்கொண்டே இருந்தார்கள். எங்கள் ஆட்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை. பதினாறு பக்கம் சேர்ந்தால்தான் ஒரு பாரம். ஒரு பாரம் தேறவில்லை. மெஷின் துணி மூடிக் கிடந்தது. தை பிறந்தால் லேபிள் ஆர்டர் வந்துவிடும், பிறகு நாவலுக்கு இடமில்லை. இந்த நாவல் நின்றுபோனால் அண்ணாச்சி அந்த அறையைவிட்டு எழுந்து வரவே மாட்டார் என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

ஒருநாள் குருசாமி என்னிடம் வந்தார். “ரைட்டரே, என்னயக் கொன்னுருங்க” என்றார்.

“என்னவே சொல்லுதீரு?”

“அஞ்சாம் அத்தியாயமோ ஆறாம் அத்தியாயமோ, ஒமக்குத் தோதுப்பட்ட எடத்துல. கதை நவுரட்டும். அண்ணாச்சிகிட்ட நானே சொல்லுதேன்.”

பேத்திக்குக் காதுகுத்து வைத்திருந்த மனுஷன். எங்கள் கட்டுப்பாட்டை அவரைவிடக் கண்டிப்பாகக் காத்தவர் யாரும் இல்லை. நானும் கூடப் போனேன். அவர் சொன்னதும் அண்ணாச்சி போட்ட சத்தம் மெஷின் அறைவரைக்கும் கேட்டது.

“இந்தப் பிரஸ்ல ஒரு பேரைப் போட்டது போதும்லே! இன்னொரு பேரு போட மாட்டேன்!”

பிறகு அழுதார். மகனுடைய காரியத்தில்கூட அழாத மனுஷர். குருசாமி அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

4. அவன் எங்கன இருக்கான்?

அழுகை அடங்கியதும் அண்ணாச்சி கேட்டார். “எல்லார் பேரும் இருக்கு. அவன் இதுல எங்கன இருக்கான், கணேசா?”

“அவன் உள்ள கிடையாது, அண்ணாச்சி. வெளாடுதவன் வெளிய இருந்துதான் கட்டளை போடுவான். உள்ள இருக்கவியளுக்கு அவன் யாருன்னே தெரியாது.”

அண்ணாச்சி நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டார். “அப்பம், அவன் கட்டளை வரலன்னா இவிய என்ன செய்வாவ?”

“ஓட விட்டாத்தான் தெரியும்.”

“ஓட விட்டா இது அழிஞ்சிருமா?”

“அழியாது. அவன் சேவ் பண்ணுனது அப்படியே இருக்கும்.”

அவர் தலையசைத்தார். பாஸை எடுத்துவிட்டேன். மவுஸை யாரும் தொடவில்லை. எதிரிகள் எங்கே சுட ஆரம்பித்துவிடுவார்களோ என்று பயந்தேன். ஆனால் அந்தச் சின்ன உருவங்கள் முன்பு தந்திருந்த வேலையைச் செய்யத் தொடங்கின. குருசாமி ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வந்து தொட்டியில் ஊற்றினான். திரும்பவும் ஊற்றுக்குப் போனான்.

“ஏலே குருசாமி, இங்கன பாரு” என்றார் அண்ணாச்சி. “யாரும் சொல்லாமலே சொமக்குதியே.”

“சின்ன மொதலாளி முன்னமே சொல்லிட்டுத்தான போயிருக்காக” என்றார் குருசாமி.

சிறிது நேரம் பார்த்துவிட்டு அண்ணாச்சி தன் கையாலேயே ஆட்டத்தை மூடினார். எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, அன்றைக்கு மத்தியானமே புதிதாகத் தொடங்கினேன். முதல் வரி: ‘அன்று காலை வானத்திலிருந்து கட்டளை வரவில்லை.’

5. முதல் தாள்

கட்டளை நின்றுபோன ஒரு காலனியின் கதையாக அது ஆனது. முதலில் காத்திருக்கிறார்கள். பிறகு சண்டை போட்டுக்கொள்கிறார்கள். கடைசியில் யார் எதைச் செய்வதென்று தாங்களாகவே பேசி முடிவு செய்கிறார்கள். கோட்டையை எதிரிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, தண்ணீர்த் தொட்டியோடு கரிசல் போன்ற ஒரு நிலத்துக்கு நடந்துபோகிறார்கள். அண்ணாச்சி ஒரு வரியையும் சிவப்பு மையால் அடிக்கவில்லை.

எங்கள் பிரஸ்ஸில் கண்ணீர் அஞ்சலி தவிர எந்த வேலையானாலும் முதல் தாளுக்குச் சந்தனம் வைத்து சாமி படத்தடியில் வைத்த பிறகுதான் மெஷின் முழு ஓட்டம் ஓடும். லீவில் வந்திருந்தால் அதைச் செய்வது குமார். சங்கையா முதல் பாரத்தின் முதல் தாளை உருவி எடுத்தார். யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அண்ணாச்சி அறையிலிருந்து வந்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சந்தனத்தைக் குழைத்தார். தாளை வாங்கி அந்த முதல் வரிக்கு மேலே பொட்டு வைத்து, சாமி படத்தடியில் வைத்தார். எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

சங்கையா அவர் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. சுவிட்சைப் போட்டார். மாரியம்மாள் மடிப்பதற்கு மேஜையைத் துடைத்தார். குருசாமி பிளேடைச் சாணை பிடிக்கப் போனார். நான் அடுத்த பாரத்தின் ப்ரூஃபை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

போர்க்கதையில் ஆள் சாகாமல் எப்படி எழுத முடியும் என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். அந்தக் கதையில் ஒரு சாவு உண்டு. அது முதல் வரிக்கு முன்பே நடந்துவிட்டது. அதற்குப் பிறகு இருக்கிறவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் எழுதினேன். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டது அதுதான்.