எண்பது கிலோமீட்டர் காப்பு

மணலூர்பேட்டை மீன்காரன் மாயவன் நாற்பத்து நான்கு வயதுக்குள் செய்த தர்மம் இரண்டே இரண்டு. எடை போட்ட பிறகு ஒரு கெண்டைக் குஞ்சைச் சும்மா தூக்கிப் போடுவான். அதை அவன் பெண்டாட்டி ராஜாம்பாள் பார்த்துவிட்டால் திரும்பப் பிடுங்கிக்கொள்வாள். இன்னொன்று எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில் நடந்தது. அதை யாராலும் பிடுங்க முடியவில்லை.

விடிகாலையில் அணை மீனும் பெண்ணையாற்று மீனும் வாங்கி, இரண்டு கூடைகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டே ஊர் ஊராகப் போய் விற்பது அவன் தொழில். அந்தச் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. செருப்புக் காலைத் தரையில் தேய்த்துத்தான் நிறுத்துவான். ஆனால் பின்னால் இருந்த கேரியரை லேத்துப் பட்டறையில் இரும்புப் பட்டை வைத்து அடித்திருந்தான். அதில் ஒரு எருமைக் கன்றை ஏற்றினாலும் தாங்கும். குறை என்று பார்த்தால் கண்தான். இரண்டு வருஷமாகத் தூரத்தில் இருப்பது பளிச்சென்று தெரிந்தது. கிட்டே வந்தால் எல்லாம் கூழாகிவிடும். மீனின் செவுள் சிவப்பா கறுப்பா என்பதே குத்துமதிப்புதான். இதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கண் தெரியாத மீன்காரனிடம் யார் மீன் வாங்குவார்கள்?

அந்தச் சமயத்தில் கள்ளக்குறிச்சியில் ஒரு நற்பணி மன்றம் இருந்தது. தலைவர் தனசேகரன், ஜவுளிக்கடை முதலாளி. கோடையில் கல்வராயன் மலைமேல் கரியாலூரில் மன்றம் கண் முகாம் நடத்தி, நாற்பத்து மூன்று பேருக்குக் கண் அளந்து வந்தது. கண்ணாடிகள் தயாராகி வந்து சேர்ந்தன. ஜீப்பில் ஏற்றி அனுப்பினால் அரை நாளில் போய்விடும். ஆனால் பேப்பரில் வராதே! அதனால் மணலூர்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து தியாகதுருகம், கள்ளக்குறிச்சி வழியாகக் கரியாலூர் வரை எண்பது கிலோமீட்டர் தரும சைக்கிள் பயணம் என்று நோட்டீஸ் அடித்தார் தனசேகரன். சேர்ந்தவர்கள் பதினோரு பேர். அத்தனை பேரும் பளபளக்கிற சைக்கிள் வைத்திருந்தார்கள். ஒருவர் சைக்கிளிலும் கண்ணாடிப் பெட்டியைக் கட்ட இடமில்லை. பன்னிரண்டாவது ஆளாக மாயவன் வந்து சேர்ந்தது அப்படித்தான். முடித்தால் ஒரு டைனமோ லைட் தருவதாகச் சொன்னார்கள். மாயவன் லைட்டுக்காகத்தான் ஒப்புக்கொண்டான். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

அந்த வாரம் இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று ஊர்ச் சுவர்களில் எல்லாம் எழுதியிருந்தது. தனசேகரன் சுவரைப் படிக்கிறவர் இல்லை.

"நோட்டீஸ் அடிச்சாச்சு. சைக்கிளை எவன்யா மறிப்பான்?" என்றார்.

புறப்படுகிற காலையில் அவருக்கு இன்னொரு யோசனை உதித்தது. மணலூர்பேட்டை மாரியம்மன் கோயில் பூசாரி ராஜாங்கத்திடம் போய், பன்னிரண்டு பேருக்கும் காப்பு கட்டச் சொன்னார். போட்டோவில் நன்றாக இருக்குமாம்.

பூசாரி தலையைச் சொறிந்தார். "காப்பு கட்டிக்கினா எல்லை தாண்டக்கூடாதுங்க. கவுச்சியத் தொடக்கூடாது. நீங்க எண்பது கிலோமீட்டர் போறேன்றீங்க."

"ஏதாவது வழி பண்ணுங்க பூசாரி."

பூசாரி வழி பண்ணினார். வேப்பிலையால் காற்றில் ஒரு கோடு இழுத்து, "இங்கேர்ந்து கரியாலூர் வரைக்கும் போற ரோடுதான் உங்களுக்கு இனிமே எல்லை. ரோட்ட வுட்டு எறங்காம போய்ச் சேந்து, திரும்பி வந்து எங்கிட்டதான் அவுக்கணும்" என்றார். மஞ்சள் கிழங்கு கோத்த நூலைப் பன்னிரண்டு மணிக்கட்டிலும் கட்டினார். போட்டோ எடுத்தார்கள். மாயவனைத் தவிர யாரும் பூசாரி சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

தியாகதுருகத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அடியோடு வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அந்தப் பக்கம் நூறு பேர் நின்றார்கள். தனசேகரன் மரத்தைப் பார்த்தார். நூறு பேரையும் பார்த்தார். பயணம் ஒத்திவைக்கப்படுகிறது என்று அறிவித்தார். பிறகு மரத்துக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, பாக்கெட்டிலிருந்த பிளேடால் காப்பை அறுத்து ரோட்டோரம் போட்டார். பிளேடு பதினோரு கை மாறியது. மாயவனிடம் வந்தபோது அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பெட்டி உங்கிட்டயே இருக்கட்டும். ஊர் அமைதியானதும் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவர்கள் கொல்லைக்காட்டுப் பாதைகளில் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

மாயவன் வந்த வழியே மணலூர்பேட்டைக்குத் திரும்பினான். மெயின் ரோட்டிலிருந்து அவன் வீடு இருக்கிற சந்து இருபது அடிதான். சந்து முனையில் ராஜாம்பாள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"அங்கியே நில்லு. காப்பு இருக்குதா?"

"இருக்குது."

"அப்ப வூடு உனக்கு எல்லைக்கு வெளிய. கால வெச்ச, வெட்டிடுவேன். மீனு கூடையத் தொடறதும் கெடையாது. ஆத்தாளுக்குக் கட்டிக்கினு பாதியில வந்து நிக்கிறியே, நல்லா இருப்பியாய்யா நீ? அம்ம வந்தா யாருக்கு வரும்? புள்ளைங்களுக்குத்தானே வரும்?"

இருபது அடி தூரத்திலிருந்து அரை மணி நேரம் திட்டினாள். பிறகு சோற்றைத் தூக்குச்சட்டியில் போட்டு ரோட்டோரம் வைத்துவிட்டு நான்கு அடி பின்னால் போய் நின்றாள். வெறும் ரசம் சோறு. மாயவனுக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போக முடியாது, மீனைத் தொட முடியாது. தொழில் இல்லாமல் இந்த நூலைக் கட்டிக்கொண்டு எத்தனை நாள் ரோட்டில் கிடப்பது? அவிழ்க்க வேண்டுமானால் கரியாலூர் போய்த்தான் வர வேண்டும். அன்று ரோட்டோரப் பாலத்துக் கட்டையில் படுத்து, மறுநாள் விடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பினான். தனசேகரனையும் அவர் குலத்தையும் ஏழு கிலோமீட்டர் தூரத்துக்குத் திட்டிக்கொண்டே மிதித்தான்.

புளியமரம் அங்கேயேதான் கிடந்தது. கிளைகளுக்கு நடுவே அடுப்பு மூட்டிப் பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வாரத்தில் வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதில் யாரும் சிரிக்க ஒன்றுமில்லை. இந்த மரத்தடியில் மட்டும் நல்லவேளையாகப் பொங்கலோடு நின்றது.

அங்கே பெரியவர் ஒருவர், ராமசாமி என்று பெயர், எழுந்து வந்தார்.

"வண்டி எதையும் வுடக்கூடாதுன்னு பேச்சு. சைக்கிளு வண்டியா இல்லியான்னு சொல்லலியே?"

கூடி யோசித்தார்கள். ஏறி ஓட்டினால் வண்டி, தூக்கிக்கொண்டு போனால் சாமான் என்று முடிவாயிற்று. சாமானைத் தடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. ஆகவே நான்கு பேர் சைக்கிளைப் பெட்டியோடு தலைக்கு மேல் தூக்கினார்கள். மாயவனும் ஒரு பக்கம் பிடித்தான். கிளையில் கை உரசியது. பெட்டி சாய்ந்து உள்ளே கலகலவென்றது.

அந்தப் பக்கம் இறக்கியதும் மாயவன் பதறிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். வைக்கோலை விலக்கி ஒவ்வொரு கண்ணாடியாகத் தடவிப் பார்த்தான். விரலுக்குக் கீறல் இருப்பது தெரியுமா? மேலே கிடந்த ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம் என்று மூக்கில் வைத்தான்.

முதலில் தெரிந்தது அவன் உள்ளங்கை. ரேகை ரேகையாக, செதில் கீறிய பழைய தழும்பு முதல் எல்லாம் தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு தன் கையை அப்போதுதான் பார்த்தான். அடுத்துத் தெரிந்தது மணிக்கட்டு. காப்பு இல்லை. நூல் கிளையில் மாட்டி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

தானாக அறுந்தால் ஆத்தாள் விட்டுவிட்டாள் என்று அர்த்தம். இது மணலூர்பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். திரும்பிப் போகலாம். மீன் குழம்பு சாப்பிடலாம். கூடையைக் கட்டலாம். ராமசாமி கூட, "என்னப்பா, திரும்பப் போறியா?" என்று கேட்டார்.

மாயவன் மறுபடி கையைப் பார்த்தான். மலைமேல் நாற்பத்து மூன்று பேர் இப்படித் தன் கை தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். அது தெரிந்த ஆள் பதினோரு பேரில் ஒருவன்கூட இல்லை. ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, கிளையிலிருந்த நூலை எடுத்துத் தானே மணிக்கட்டில் கட்டிக்கொண்டான். பல்லால் இழுத்து முடிந்தான்.

கள்ளக்குறிச்சிக்குப் போவதற்குள் இன்னும் நான்கு மரம். நான்கிலும் சைக்கிள் சாமானாயிற்று. மலையடிவாரத்திலிருந்து மேலே மிதிக்கிற பேச்சே இல்லை, தள்ளினான். வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கினான். பொழுது சாயும்போது கரியாலூர் பள்ளிக்கூடத்து வாசலில் பெட்டியை இறக்கினான். ஜனம் கூடிவிட்டது. ஒவ்வொரு கண்ணாடியிலும் பெயர்ச்சீட்டு இருந்தது. அதைப் படிக்க மூக்கில் ஒன்றை மாட்டிக்கொண்டு, அஞ்சாங்கிளாஸ் படிப்பை வைத்து எழுத்துக்கூட்டிக் கூட்டிக் கொடுத்தான். நாற்பத்து இரண்டு முடிந்தது. ஒரு கிழவி மட்டும் முறத்தில் சாமையோடு நின்றாள்.

"எனுக்கு வரலியா? இருசம்மான்னு எழுதிக்கினு போனாங்களே."

இருசம்மாள் கண்ணாடி அவன் மூக்கில் இருந்தது. வழியில் ஒன்று உடைந்துவிட்டது என்று சொன்னால் யார் கேட்கப் போகிறார்கள்? சொல்ல வாய் வரைக்கும் வந்தது. கழற்றிக் கொடுக்க மனசே வரவில்லை. கழற்றிக் கொடுத்தான். எதிரே நின்றவள் முகம் அந்த நிமிஷமே கூழாயிற்று.

கிழவி மாட்டிக்கொண்டு முறத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி, இத்தினி கல்லையா எனுக்கு ஆக்கிப் போட்டுக்கினு இருந்த?" என்று மருமகளைத் தேடிக்கொண்டு ஓடினாள். மாயவனுக்கு நன்றி சொல்ல அவளுக்கு நேரமில்லை. அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான்.

மூன்றாம் நாள் மாரியம்மன் கோயிலில் கையை நீட்டினான். ராஜாம்பாளும் வந்திருந்தாள். பூசாரி ராஜாங்கம் முடிச்சைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நகத்தால் கிளறினார். திருப்பிப் பார்த்தார். தான் கட்டிய முடிச்சு மாதிரி இல்லையே என்று முகத்தில் ஒரு குழப்பம். ஆனால் எல்லையைக் கரியாலூர் வரைக்கும் இழுத்த மனுஷன், வாயைத் திறக்கவில்லை.

"நவுருங்க சாமி" என்றாள் ராஜாம்பாள். ஒரு முனையைக் கட்டைவிரலால் தள்ளி, மறுமுனையை ஒரு இழுப்பு இழுத்தாள். அவிழ்ந்து விழுந்தது. தினமும் காலையில் மீன் கூடையில் மாயவன் போட்டு அவள் அவிழ்க்கிற முடிச்சு அது.

கோயிலை விட்டு வெளியே வந்ததும் கேட்டாள்.

"எங்க அறுந்துச்சு?"

"தியாகதுருகத்துல. மரத்தாண்ட."

"அங்கேர்ந்தே வந்திருக்கலாமே. இன்னாத்துக்குய்யா மலைக்குப் போன? லைட்டுக்கா?"

"லைட்டையும் ஒத்தி வெச்சிட்டாங்க." மாயவன் தரையைப் பார்த்தான். "கண்ணாடி ஒண்ண மாட்டிப் பாத்தேன். கைரேகை தெரிஞ்சுச்சு."

ராஜாம்பாள் நின்றாள். அவளுக்குப் புரிய அதிக நேரமாகவில்லை. எடைக்கல்லை மாற்றிப் போட்டது, அழுகின மீனை வாங்கி வந்து தன்னிடம் திட்டு வாங்கியது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

"எத்தினி நாளா தெரியல?"

"ரெண்டு வருசமா."

"ரெண்டு வருசமா எம் மூஞ்சியுமா தெரியல?"

"கிட்ட வந்தா தெரியாது. அன்னிக்கி ரோட்டுல எட்ட நிக்க வெச்சுத் திட்டின பாரு" என்றான் மாயவன், "அப்பத்தான்டி உன்ன நல்லாப் பாத்தேன்."