ஒழுங்கைக்குள் என் பங்கு

வரைபடத்தில் என்னை ஒழுங்கையாகப் போட்டிருந்தார்கள்.

மிகைப்படுத்தவில்லை. பாலையூற்றில் அம்மாவின் பெயரில் இருபத்திரண்டு பேர்ச் காணி. பழைய வீடு சண்டைக் காலத்தில் இடிந்துபோக, வெறுங்காணியாகக் கிடந்தது. பின்வேலியோரம் கிணறு மட்டும் மிச்சம். அம்மாவும் நானும் அக்காவின் வாடகை வீட்டில் ஓர் அறையில் இருந்தோம். தனக்குக் கண் தெரியும்போதே மூன்று பெண்பிள்ளைகளுக்கும் எழுதிவிட வேண்டும் என்று அம்மா ஒருநாள் சொல்ல, அக்காவின் கணவர் நில அளவையாளரைப் பிடித்து அளந்து படமும் கீறிக்கொண்டு வந்துவிட்டார். அத்தான் எந்தக் காரியத்துக்கும் முன்னுக்கு நிற்கிற மனிதர். கூப்பிடாமலே நிற்பார்.

குசினி மேசையில் படத்தை விரித்தார். முன்துண்டு அக்காவுக்கு. பின்துண்டு தங்கச்சிக்கு. முன்துண்டின் பக்கத்தால் றோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு நீளக் கீற்று.

"என்ர துண்டு எங்க?" என்று கேட்டேன்.

"இந்தா, இதுதான் ஒழுங்கை. மூண்டு பேருக்கும் பொது. உம்மட பங்கு அதுக்குள்ள இருக்கு."

"அப்ப நான் ஒழுங்கையில பாயைப் போட்டுப் படுக்கவோ அத்தான்?"

தங்கச்சி கொடுப்புக்குள் சிரித்தாள். அத்தானுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரதேச சபையின் விதியை எடுத்து விளக்கினார். வீடு கட்டுகிற துண்டு ஆறு பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. ஒவ்வொரு துண்டுக்கும் வாகனம் போகிற அகலத்தில் பாதை வேண்டும். எங்கள் காணியோ றோட்டுப் பக்கம் ஒடுக்கம், உள்ளே நீளம். மூன்றாவது துண்டு வெட்டினால் ஒழுங்கை கடைசிவரை நீள வேண்டும், நீண்டால் காணியை அதுவே தின்றுவிடும். மிச்சத்தில் மூன்று துண்டு ஏலாது.

"நான் என்ன செய்யிறது? சட்டம் அப்பிடி. நீர் தனி ஆள்தானே. அக்காவோட இரும். ஒரு அறை இருக்கு."

நாற்பது வயது தாண்டியவள் நான். முன்பள்ளியில் காலை முழுதும் ஒரு பட்டாளத்தை மேய்க்கிறேன். என்னைப் பார்த்துத் தனி ஆளாம், அறையாம்! எங்கள் பக்கத்தில் தாயின் காணி பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். ஆண்கள் கலியாணம் கட்டிப் பெண்வீட்டுக்கு வருவார்கள். அத்தானும் அப்படிப் பெட்டியோடு வந்தவர்தான். வந்தவர் எனக்கு இடம் ஒதுக்குகிறார்!

மூன்று பேரில் ஒருவருக்கு இடமில்லை என்றுதான் விதி சொன்னது. அந்த ஒருத்தி நான் என்று விதியில் இல்லை. அதைச் சொன்னது எங்கள் குசினி. அக்கா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டு நின்றா. அம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தா, தலையை நிமிர்த்தவேயில்லை. அத்தானின் கதையை விட அம்மாவின் அந்தப் பேசாத்தனம்தான் எனக்கு நொந்தது.

"இதில நான் கையெழுத்து வைக்கமாட்டன்," என்றேன்.

"உம்மட கையெழுத்துத் தேவையில்லை. காணி மாமியின்ர," என்றார் அத்தான். உண்மைதான். அம்மா யாருக்கு எழுதுகிறாவோ அவர்களுக்குத்தான் காணி.

அடுத்த நாள் முன்பள்ளி விட்டதும் சபைக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பிள்ளை பொறுமைசாலி. நான் படத்தை நீட்டி விதியை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன். அத்தான் சொன்னதையேதான் அவளும் சொன்னாள். எனக்கு விசர் வந்துவிட்டது.

"அந்தப் பாதை எங்கட றோட்டாலதான் வரவேணும் எண்டு இருக்கோ?"

அவள் விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். "இல்லை அக்கா. எந்தப் பக்கத்தாலயும் வரலாம். காணி உறுதிப் பத்திரத்தில பாதை உரிமை எழுதியிருந்தாப் போதும்."

எனக்குச் சபையிலேயே சத்தம்போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. ஓட்டோ பிடித்து நேரே எங்கள் காணிக்குப் பின்னால் இருக்கிற வீட்டுக்குப் போனேன். கிண்ணியாவிலிருந்து வந்து குடியேறிய முஸ்லிம் அக்கா ஒருவர் அங்கே இருக்கிறார், நாங்கள் ராத்தா என்போம். அவர்களுடைய வாசல் மற்ற றோட்டில். மகளுக்குக் கலியாணம் பேசி முடித்து, காணியின் பின்பக்கத்தில் வீடு கட்டிக் கொடுக்கப் போகிறார்கள். அந்த வீட்டுக்குப் போக ஒழுங்கை வெட்டுவதற்கு எங்கள் வேலியோரம் கல் கொண்டுவந்து கொட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன்.

"என்ன புள்ள, முகமெல்லாம் சிவந்து கிடக்கு?" என்றார் ராத்தா.

சொன்னேன். ஒழுங்கை என்ற இடத்தில் அவருக்கு வாயில் கை போய்விட்டது.

"அல்லாவே! பொண்புள்ளைக்கி ஊடு இல்லாம ஒழுங்கையா?"

"ராத்தா, உங்கட ஒழுங்கை எங்கட பின்வேலியில வந்து முட்டுது. அதில எனக்கு வழிப்பங்கு எழுதித் தருவீங்களோ? எனக்குத் துண்டு கிடைச்சா, கிணறு என்ர பக்கம் வரும். உங்களுக்குக் கிணத்துப் பங்கு எழுதித் தாறன்."

அவர்களுடைய கிணறு உவர். குழாய்த் தண்ணீர் நிற்கிற நாட்களில் எங்கள் கிணற்றில்தான் அள்ளுவார்கள், வேலி ஓட்டைக்குள்ளால் வாளி போய்வரும். வழிப்பங்கு, கிணற்றுப் பங்கு என்று எங்கள் ஊர் உறுதிகளில் எப்போதும் எழுதுகிற சொற்கள்தான். அவை எனக்கு இவ்வளவு பெரிய ஆயுதமாகும் என்று நினைத்ததில்லை.

"காணி என்ட பேருலதான். நான் எழுதித் தாறன்," என்றார் ராத்தா.

"உங்கட அவரிட்ட கேட்கவேண்டாமோ?"

"சொல்லுவன். கேக்கமாட்டன்."

அன்றைக்கே குசினி மேசையில் நான் என் கையால் மாற்றிக் கீறிய படத்தை விரித்தேன். ஒழுங்கை நடுத்துண்டோடு நிற்கும். அதற்குப் பின்னால் மூன்றாவது துண்டு, என்னுடையது, மற்ற றோட்டால் வாசல். மூன்றும் ஆறு பேர்ச்சுக்குக் குறையாது. அக்காவின் துண்டும் தங்கச்சியின் துண்டும் கொஞ்சம் சுருங்கும். சுருங்கட்டும், முதலில் பெருத்தது என் பங்கில்தானே!

அத்தான் விரலால் ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார். பிழை பிடிக்க முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவையளின்ர பக்கமோ வாசல் வைக்கப் போறீர்? நாளைக்கு ஏதும் பிரச்சினை எண்டால்?" என்றார்.

"இண்டைக்குப் பிரச்சினை இந்தப் பக்கத்தாலதானே வந்தது," என்றேன்.

அக்கா, "அவரோட என்ன கதை கதைக்கிறாய்?" என்று பாய்ந்தா. நானும் விடவில்லை. தங்கச்சி மட்டும், "எனக்கு ஆறு காணும், விடுங்கோ," என்று எழும்பிப் போனாள். அம்மா படத்தைக் கிட்ட எடுத்துக் கண்ணுக்கு முன் பிடித்துப் பார்த்துவிட்டு மடித்துத் தன் பையில் வைத்தா. அது எதற்கு என்று தெரியாமல் நான் அந்தக் கிழமை முழுதும் எரிந்துகொண்டே திரிந்தேன். யாரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

அடுத்த கிழமை, உறுதி எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் நாங்கள் எல்லோரும் வரிசையாகக் கதிரைகளில் இருந்தோம். அம்மா பையைத் திறந்து என் படத்தை எடுத்து மேசையில் வைத்தா. நொத்தாரிசு முதல் இரண்டு துண்டுக்கும் விவரம் எழுதினார். சீதன உறுதி, மகள் பெயர், மருமகன் பெயர். என் துண்டுக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இதுக்கு மாப்பிள்ளையின்ர பேர்?"

"அவ கலியாணம் கட்டேல்லை ஐயா," என்றார் அத்தான். "இதை நன்கொடை எண்டு போடலாம்."

"சீதனம் எண்டே எழுதுங்கோ," என்றா அம்மா.

"மாப்பிள்ளை இல்லாமல் எப்பிடியம்மா சீதனம்?"

"நான் என்ர பிள்ளைக்குத்தானே குடுக்கிறன். மாப்பிள்ளைக்கெண்டு நான் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

அத்தான் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். நொத்தாரிசு மாப்பிள்ளையின் பெயர் வருகிற இடத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டு, காணியை ஏற்கிறவளும் கையெழுத்து வைக்க வேண்டும் என்று தாளை என் பக்கம் திருப்பினார். நான் என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தேன்.