பெரிய வீட்டுத் துணிச்செருப்பு

பெரிய வீட்டுக் காவலாளிக்கு ஊர் வைத்த பெயர் மெழுகு. அந்தப் பழைய வீட்டின் மரத்தரைக்கு மெழுகு தேய்ப்பதுதான் அவருக்கு வேலை, பொழுதுபோக்கு, பெருமை எல்லாம். வாசலில் ஒரு கூடை நிறையத் துணிச்செருப்பு இருக்கும். யாராக இருந்தாலும் அதை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். தீயணைக்க வந்தவர்களையே நிறுத்தி மாட்டச் சொன்னாராம். சொல்லக்கூடிய ஆள்தான்.

போர் நெருங்கியதும் முதலாளி குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினார், சாவியை மெழுகிடம் கொடுத்துவிட்டு. படை ஊருக்குள் வரப்போகிறது என்றானதும் மெழுகின் தங்கை வந்தாள், புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக. வெளியே நல்ல மழை.

"அண்ணே, நிலவறையில ஓரமா இருந்துக்கறோம். படை போனதும் கெளம்பிடறோம்."

"புள்ளைங்க காலப் பாரு, ஒரே சேறு. ஐயா வந்து தரையப் பாத்தா நான் என்ன பதில் சொல்றது?"

"அந்தச் செருப்பக் குடு, மாட்டிக்கறோம்."

"அதுங்க கால்ல நிக்குமா? பாலத்தத் தாண்டிப் போயிடுங்க. அங்க ஒண்ணும் ஆகாது."

எதையும் நச்சரித்தே வாங்கிவிடுகிறவள் அன்று மறுபடி கேட்கவில்லை. பாலத்தில் குண்டு விழுந்தது. நாலு பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை.

அன்றே படை பெரிய வீட்டுக்குள் நுழைந்தது. ஆணியடித்த பூட்ஸ். பழக்கதோஷத்தில் மெழுகு கூடையை நீட்டினார். ஒரு சிப்பாய் அதை வாங்கி அப்படியே அடுப்பில் போட்டான். அவர்கள் கிளம்பும்போது தரை உழுது போட்டாற்போலக் கிடந்தது.

போர் முடிந்து முதலாளி திரும்பினார். மெழுகு கைகட்டி நின்றார்.

"தரையக் காப்பாத்த முடியலைங்கய்யா."

"தரை கெடக்கு, விடு. தங்கச்சி குடும்பத்த உள்ள வச்சுக்கிட்டல்ல? அதுக்குத்தான சாவிய உன்கிட்டயே குடுத்துட்டுப் போனேன்."

அன்றைக்கு உடைந்த மெழுகு பிறகு நிமிரவே இல்லை.

இப்போது அந்த வீடு அருங்காட்சியகம். அந்தப் படையின் தளபதி படுத்த கட்டிலைக் கயிறு கட்டிக் காட்டுகிறார்கள். தரையை இழைத்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார்கள். வாசலில் புதுத் துணிச்செருப்பு கொடுக்கிற வேலை மெழுகுக் கிழவருக்கு. எல்லோருக்கும் ஒழுங்காகத்தான் கொடுக்கிறார். மழை நாளில் பிள்ளைகளோடு எவளாவது வந்துவிட்டால் மட்டும் கூடையைக் காலால் ஓரம் தள்ளிவிடுகிறார்.

"சும்மா வாங்கம்மா. அப்படியே உள்ள வாங்க."

மேலாளர் ஓடிவந்து கத்துகிறார்.

"தொடச்சிடறேன் சார்," என்கிறார் கிழவர். "சேறுதான, தொடச்சாப் போயிடும்."