மொய்ரா உண்மையிலேயே பாடகிதான்

மொய்ரா செத்துப்போனாராம்…

இன்று காலை மல்வேர்ன் பஸ்ஸில் ஃபோனைத் திறந்தேன், செய்தி. ஸ்காட்லாந்துப் பாடகி, தொலைக்காட்சிக் கலைஞர், டொரண்டோவில் காலமானார். கூடவே ஒரு பழைய வீடியோ.

முதலில் நம்பவில்லை. போன வாரம்தான் இதே ஃபேஸ்புக்கில் உங்களில் மூன்று பேர் உயிரோடு இருக்கிற ஒரு நடிகருக்கு மெழுகுதிரி ஏற்றினீர்கள். வீடியோவை நிறுத்தி, முகத்தைப் பெரிதாக்கி, இது எனக்குத் தெரிந்த மொய்ராதானா, இடது புருவத்தில் அந்த வெட்டுத் தழும்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது.

மினுங்குகிற சட்டை, கையில் மைக். பாடத் தொடங்குமுன் கழுத்தைத் திருப்பி, "எந்தக் கேமரா?" என்று கேட்கிறார். மண்டபமே சிரிக்கிறது. எல்லா நிகழ்ச்சியையும் அவர் அப்படித்தான் தொடங்குவாராம்.

அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

தெரியாதவர்களுக்கு… நான் முதியோர் இல்லங்களில் பராமரிப்பு வேலை செய்கிறவள். போன வருடம் வரைக்கும் வோபர்ன் பக்கம் ஓர் இல்லம். அங்கே இரண்டு வருடம் மொய்ராவைக் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, வீல்செயாரில் ஏற்றியது நான்தான்.

முதல் நாளே சொன்னார். "நான் நாற்பது வருஷம் டிவியில் பாடினவள், தெரியுமா?"

"ஓ, ரியலி?" என்றேன். மனதுக்குள், உவவும் புளுகத் தொடங்கீட்டா.

நீங்களே சொல்லுங்கள். ஊரில் பெரிய ஆளாக இல்லாத ஒரு தமிழரையாவது ஸ்காபரோவில் கண்டிருக்கிறீர்களா? அந்த இல்லத்துக் கிச்சனில் சமைக்கிற தவம் அண்ணைகூட ஊரில் பாங்க் மனேஜராம். யார் எதைச் சொன்னாலும் நான் பாதியைக் கழித்துவிட்டுத்தான் கேட்பேன். மொய்ரா சொன்னதில் முழுவதையும் கழித்தேன்.

ஃபைலில் வேறு பெயர் இருந்தது. "மொய்ரா என்றே கூப்பிடு, அதுதான் என் மேடைப் பெயர்" என்றார்.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முற்றியது. எங்கள் ஆட்களுக்கு இரண்டு பெயர் என்றால் என்ன அர்த்தம்? என் மனுசனே வேறு யாருடையதோ பாஸ்போர்ட்டில்தான் இங்கே வந்து இறங்கினார். இந்த வெள்ளைக்கார மனுசிக்கும் ஏதோ கேஸ் இருக்கிறது, ஒளித்துத் திரிகிறார் என்று நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

அதோடு, அவ்வளவு பெரிய பாடகி என்றால் பார்க்க ஒரு காக்கா குருவிகூட வராதா? மிசிசாகாவிலிருந்து மருமகன் ஒருவர் கிறிஸ்மஸுக்கு வருவார். கோட்டைக் கழற்றாமலே போய்விடுவார்.

ஒரு நாள் காலை, பொய்யைப் பிடிக்கத்தான், பாடச் சொன்னேன்.

லிப்ஸ்டிக் கேட்டார். பூசிவிட்டேன். கழுத்தைத் திருப்பி, "எந்தக் கேமரா?" என்றார்.

அறையில் நானும் அவரும் ஒரு கட்டிலும்தான்…

பிறகு பாடினார். நல்ல குரல். அதைக்கூட நான் ஒழுங்காகக் கேட்கவில்லை. எங்கள் வேலையில், கண்டதை ஷிஃப்ட் முடியுமுன் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதிந்தேன். இல்லாத கேமரா இருப்பதாகச் சொல்கிறார், தன்னை டிவி பாடகி என்கிறார்.

நேர்ஸ் பார்த்தார். டொக்டர் பார்த்தார். பிரமைக்கு என்று புது மருந்துக் குளிசை ஒன்று வந்தது. அதன்பிறகு காலையில் நான் போனால் மொய்ரா வாய் திறந்தபடி நித்திரை. பாட்டும் இல்லை, கேமராவும் இல்லை. பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். பாவி.

இன்று பிரேக்கில் தவம் அண்ணைக்கு ஃபோன் பண்ணினேன். அவர் இன்னும் அங்கேதான்.

"அண்ணை, மொய்ரா உண்மையிலேயே பாடகியாம். உங்களுக்குத் தெரியுமே?"

"ஓம் தங்கச்சி. அவ வந்த முதல் கிழமையே ஃபோனில தேடிப் பாத்தனான். அவவுக்கும் காட்டினனான். அண்டைக்கு முழுக்க ஒரே சிரிப்பு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

பின்னால் பாத்திரம் கழுவுகிற சத்தம்.

"உம்மட்டை என்னத்தைச் சொன்னாலும் நம்பாம ஒரு மாதிரிப் பாப்பீர். பிறகேன் சொல்லுவான் எண்டு விட்டிட்டன்."

ஃபோனை வைத்துவிட்டேன்.

போய் வாருங்கள், மொய்ரா. அந்தக் குளிசையை அப்போது நேர்ஸ் தந்தால் துப்பிவிடுவீர்கள். நான் பக்கத்தில் நின்று சொன்னால்தான் நம்பி விழுங்குவீர்கள்…