சட்டைப் பையில் நெத்தலி

யோகு அண்ணை இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் என் கணவர் கருணா. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். ஏனென்றால் கருணா தொலைபேசியில் கதைக்கிற ஆள் இல்லை. வீட்டில் மணி அடித்தாலே எழும்பி அறைக்குள் போய்விடுவார். அந்தச் சனிக்கிழமை நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கைபேசியில் அவருடைய குரல் வந்தது. "வசந்தி, யோகு அண்ணை விழுந்திட்டார். ஸ்டேஷன் வாசல்ல. அம்புலன்ஸ்காரர் பாக்கினம்." பின்னால் எங்கள் நாய் குரைக்கும் என்று காதைக் கொடுத்தேன். அது குரைக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி எடுத்தார். "முடிஞ்சுது" என்றார். 

ஜேர்மனியில், இந்தப் பீலெஃபெல்ட் நகரத்தில் நாய் வளர்க்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு யோகு அண்ணையைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் எல்லோர் வீட்டுச் சோபாவிலும் இருந்து அவர் தேத்தண்ணி குடித்திருக்கிறார், உங்கள் எல்லோரையும் திட்டியும் இருக்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முழுப்பெயர் யோகநாதன். கிழமை நாட்களில் ஒரு பண்டகசாலையில் பாரந்தூக்கி வண்டி ஓட்டினார். சனிக்கிழமைகளில் நகரத்துக்கு வெளியே ஒரு நாய்ச் சங்கத்தின் மைதானத்தில் நாய்களைப் பழக்கினார். கடிக்கிற நாய், குரைக்கிற நாய், சொல்வழி கேட்காத நாய் என்று நாம் கொண்டுபோவோம். அவர் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இது பயந்த நாய்" என்பார். எந்த நாயைக் கொண்டுபோனாலும் அதையேதான் சொன்னார். அவருக்கே ஒரு காலத்தில் நாயென்றால் நடுக்கமாம். அகதியாக வந்தபோது தங்கவைத்த கட்டடம் அந்த மைதானத்துக்குப் பக்கத்தில் இருந்தது. வேலை செய்ய அனுமதி கிடைக்காத காலம். பொழுது போகாமல் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தவரை ஒரு நாள் உள்ளே கூப்பிட்டிருக்கிறார்கள்.

சங்கத்து ஜேர்மன்காரர்கள் நாய்க்குக் கடை பிஸ்கட் கொடுப்பார்கள். யோகு அண்ணை கொடுத்தது நெத்தலிக் கருவாடு. தமிழ்க் கடையில் வாங்கித் தண்ணீரில் ஊறவிட்டு, உப்பையெல்லாம் எடுத்து, அவணில் மொறுமொறுவென்று காயவைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். அவர் மைதானத்துக்குள் கால் வைத்தால் மற்றவர்களின் நாய்களும் படிப்பை விட்டுவிட்டு அவரிடம் ஓடும். அதனால் அவருக்குச் சண்டையும் வந்தது, உள்ளூரப் பெருமையும் இருந்தது.

எங்கள் பென்னோவை மகள்தான் நாய்க் காப்பகத்திலிருந்து கூட்டிவந்தாள். கறுப்பு நிறம், பெரிய காது, பாதி ஷெப்பேர்ட், மீதி என்னவென்று கடவுளுக்குத்தான் தெரியும். அவள் அதைத் தனக்காகக் கொண்டுவரவில்லை. தொழிற்சாலை வேலை போன பிறகு கருணா வீட்டை விட்டு வெளிக்கிடுவதை நிறுத்தியிருந்தார். திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொண்டு கதிரையில் இருப்பார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். மருத்துவர் மருந்து கொடுத்தார், கதைத்தும் பார்த்தார், மனிசன் அசையவில்லை. ஆனால் நாய்க்கு மூத்திரம் முட்டினால் அது யாருடைய மனநிலையைப் பார்க்கும்? விடிந்ததும் கதவடியில் நின்று அழுதது. இவர் எழும்பிச் சப்பாத்தைப் போட்டார். மகள் படிக்கக் கொலோனுக்குப் போனாள், இவர் நாயோடு தெருவுக்குப் போனார். எனக்கு என் மனிசன் திரும்பக் கிடைத்தார்.

பிறகு பென்னோ தபால்காரரைக் கடித்தது. எங்கள் மாடிப்படியின் கீழே, கையில், இரத்தம் வர. அந்த மனிதர் முறைப்பாடு செய்தது நியாயம். வெளியே போனால் வாய்க்கூடு போட வேண்டும், குறித்த நாளில் குணச் சோதனைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நகர அலுவலகம் சொன்னது. சோதனையில் தேறாவிட்டால் நாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நாய் போனால் கருணா திரும்பவும் அந்தத் திரைச்சீலைக்குப் பின்னால் போய்விடுவார். எனக்கு அது தெரியும், அவருக்கும் தெரியும். 

யோகு அண்ணை முதன்முதல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது ரீவியில் வன்னிப் போர்ச் செய்தி போய்க்கொண்டிருந்தது. அந்த மாதங்களில் எந்தத் தமிழ் வீட்டில் போகவில்லை? அவர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நேரே போய் ரீவியை நிற்பாட்டினார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணை, நாய்க்குத் தமிழ்ச் செய்தி விளங்குமோ?"

"அது ரீவியைப் பாக்கேல்லைத் தங்கச்சி. உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கு."

அவருடைய சொந்தத் தங்கச்சி பிள்ளைகளோடு வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள், தொடர்பு அறுந்து கனநாள் என்று எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. வீட்டுக்குப் போனதும் அவரும் அதே செய்திக்கு முன்னால்தான் இருந்திருப்பார். ஆனால் ஒரு சனிக்கிழமையும் வராமல் விடவில்லை. தங்கச்சியைப் பற்றிக் கேட்டால், "இன்னும் ஒண்டும் இல்லை" என்று சொல்லிவிட்டு நாயின் கழுத்துப் பட்டியைச் சரிசெய்வார்.

அடுத்த முறை தெருவில் நடந்தோம். நானும் பின்னால் போனேன். டிராம் வந்தது, பென்னோ பேசாமல் பார்த்தது. சைக்கிள், பிள்ளை வண்டி, ஒருவர் படீரென்று விரித்த குடை, எதற்கும் அது அசையவில்லை. டிராமிலிருந்து ரிக்கெற் பரிசோதகர் சீருடையோடு இறங்கினார். கருணா நின்ற இடத்தில் கல்லாகிவிட்டார். இடது கையில் நாய்க்கயிறு இறுகியது. வலது கை சட்டைப் பைக்குப் போனது. அந்தக் கை போன பிறகுதான் பென்னோவின் முதுகு மயிர் எழும்பியது, வாய்க்கூட்டுக்குள் உறுமத் தொடங்கியது. பரிசோதகர் எங்களைத் திரும்பியும் பாராமல் தன்பாட்டில் போய்விட்டார்.

"பையுக்குள்ள என்ன, கருணா?" என்று கேட்டார் யோகு அண்ணை.

அடையாள அட்டை. அது ஏற்கெனவே கருணாவின் கையில் இருந்தது, படம் வெளியே தெரிய.

கருணாவின் தம்பியைப் பற்றி உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஊரில் ஆமிக்காரர் சோதனைச் சென்றியில் பஸ்ஸை மறித்தபோது ஐசி அட்டையை எங்கே வைத்தோம் என்று தேடித் தம்பியின் கை பிந்திவிட்டது. அவனை இறக்கி வைத்துக்கொண்டு பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். பஸ்ஸுக்குள் கருணா இருந்தார். அவன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இவருடைய கை பிந்துவதில்லை. ஜேர்மனியில் தபால்காரருக்கும் எடுக்கும், தீயணைப்புக்காரருக்கும் எடுக்கும். எனக்கு அது பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போய்விட்டது. பென்னோ ஒரு முறையும் தவறவிடவில்லை. இந்தக் கை பைக்குப் போனால் ஏதோ கெட்டது வருகிறது என்று அது தன் அறிவுக்கு எட்டினபடி படித்துவைத்திருந்தது.

"அப்ப இவற்ற கையைத்தான் கட்டிப்போட வேணும்" என்றேன் நான். எரிச்சலில் சொன்னதுதான். யோகு அண்ணை சிரிக்கவில்லை.

"அந்தக் கையை மறிக்க ஏலாது, தங்கச்சி. எனக்கும் அந்தக் கை இருக்கு. அது போகட்டும். போன கை வெறுங்கையா வரக்கூடாது, அவ்வளவுதான்."

அட்டையை வாங்கிக் கருணாவின் காற்சட்டைப் பின்பையில் செருகினார். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி நெத்தலியை அள்ளிக் கருணாவின் சட்டைப் பைக்குள் கொட்டினார். இனிச் சீருடையைக் கண்டால் கை போகும், நெத்தலியோடு திரும்பும், வாய்க்கூட்டின் இடுக்கால் நாயின் வாய்க்குள் போகும். பிஸ்கட் அந்த இடுக்கால் போகாது, நெத்தலி போகும். இவ்வளவுதான் வைத்தியம். கிழமைக்குக் கிழமை இரண்டு பேரும் சீருடை தேடி அலைந்தார்கள். குப்பை அள்ளுகிறவர்கள், தபால் வண்டி, கடைசியில் பெரிய ஸ்டேஷன். முதலில் பென்னோ நெத்தலியைத் துப்பியது. பிறகு விழுங்கிவிட்டு உறுமியது. பிறகு ஒரு நாள் பொலிஸ்காரரைக் கண்டதும் உறுமாமல் திரும்பிக் கருணாவின் பையைப் பார்த்ததாம். அன்றைக்கு யோகு அண்ணை எங்கள் வீட்டில் இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டார்.

எனக்கும் அவருக்கும் சண்டை வந்ததும் இந்த நெத்தலியால்தான். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் மச்சம் இல்லை. சட்டை முழுக்கக் கருவாட்டு மணத்தோடு கருணா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நிற்பதை நான் எப்படிப் பொறுப்பது? வெள்ளியில் மட்டும் வேறு ஏதாவது வைக்கச் சொன்னேன். "வெள்ளிக்கிழமையில பொலிஸ் வராதோ?" என்று கேட்டார். நான் அவருக்குத் தேத்தண்ணி போடாமல் உள்ளே போய்விட்டேன். அவர் தானே போட்டு எனக்கும் ஒன்று கொண்டுவந்து வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் பை வெறுமையாகத்தான் இருந்தது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சோதனைக்கு முந்திய கடைசிப் பழக்கம் அந்தச் சனிக்கிழமை. ஸ்டேஷன் வாசலில் யோகு அண்ணை, "கொஞ்சம் இரு கருணா" என்று சொல்லிப் படியில் குந்தினார். அப்படியே சரிந்தார். கருணா கத்திக் கூப்பிட, அம்புலன்ஸ்காரரும் பொலிஸ்காரரும் சாமான்களோடு ஓடிவந்தார்கள். சீருடைகள் ஓடிவருவதைப் போல் இவருக்குக் கெட்ட காட்சி வேறில்லை. பக்கத்தில் முழங்காலில் நின்ற இவருடைய கை பைக்குப் போனது, நெத்தலியோடு வந்தது. பென்னோ இவருடைய தொடையோடு ஒட்டி இருந்து அதை வாங்கித் தின்றது. அவர்கள் யோகு அண்ணையின் சட்டையை வெட்டித் திறந்தபோது அவருடைய பையிலிருந்த நெத்தலியும் நிலத்தில் சிந்தியது. அதைப் பென்னோ தொடவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு பொலிஸ்காரர் ஒருவர் கருணாவிடம் அடையாள அட்டை கேட்டார். இவர் சட்டைப் பையில் தேடினார். நெத்தலிதான் வந்தது. மற்றப் பையில் தேடினார். பின்பையில் இருக்கிறது என்பது நினைவுக்கு வரவில்லை. கை பிந்திவிட்டது. "அந்தப் பொலிஸ்காரர் காத்துக்கொண்டு நிண்டவர், வசந்தி" என்று கருணா அன்றைக்கு எனக்குச் சொன்னார். "ஆறுதலாத் தேடுங்கோ எண்டு சொன்னவர்." சொல்லிவிட்டு அழுதார். தம்பிக்காக அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. யோகு அண்ணைக்கும் சேர்த்துத்தான் அழுதார்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி தேவி அக்கா பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபடி கருணாவைக் கைகாட்டிக் கூப்பிட்டா. "பென்னோவுக்கு எப்ப சோதனை டெர்மின், தம்பி?" என்று கேட்டா. வருகிற வெள்ளி என்று இவர் சொன்னார். போகும்போது ஒரு தகர ரின்னை என் கையில் தந்தா, அவர் கடைசியாகக் காயவைத்த நெத்தலி. யோகு அண்ணையின் தங்கச்சியிடமிருந்து அன்றைக்கும் ஒரு செய்தியும் இல்லை. இதை எழுதுகிற இன்றைக்கும் இல்லை. அவர் அது தெரியாமலே போனார். இதில் ஆறுதலாக எழுத எனக்கு ஒன்றும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் தலைக்குத் தோய்ந்து விளக்கேற்றிய கையால் அந்த ரின்னைத் திறந்தேன். கருணா சட்டைப் பையை விரித்துப் பிடித்தார். பென்னோ தேறியது. வெளியே வந்ததும் இவர் கைபேசியை எடுத்தார். "ஆருக்குச் சொல்றது?" என்றார்.  நாயையும் கூட்டிக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தோம்.

யோகு அண்ணையிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த மணத்தைத்தான். ரின் முடிந்துவிட்டது. இப்போது நெத்தலியை ஊறவிட்டுக் காயவைப்பது நான். அவர் செய்தது போல மொறுமொறுப்பு வரவில்லை, பென்னோ குறை சொல்லாமல் தின்கிறது. கருணாவின் சட்டையைத் தோய்த்து, மடித்து, பைக்குள் ஒரு பிடி போட்டுவைக்கிறேன். வெள்ளிக்கிழமைகளிலும்.